இடக்கைக் கோடரி

என் தங்கைக்கு ஒரு வியாதி உண்டு. நான் எதைத் தொடுகிறேனோ அது அவளுக்கும் வேண்டும். சின்ன வயதில் என் பென்சில், பிறகு என் தையல் வகுப்பு, அப்புறம் என் தொட்டிச் செடிகள். செடி விஷயத்தில் என் ரோஜா பட்டுப்போனது. அவள் ரோஜா மதில்மேல் எட்டிப் பார்த்துப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேர் வாங்கியது. தொலையட்டும் என்று விட்டேன். ஆனால் கோடரிக்கும் வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கோடரிக்கு யார் வருவார்கள்? மூட்டுவலி எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு பொம்பளை, பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கித் துருப்பிடித்த கோடரி வாங்குகிறாள் என்றால் அது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்க்கிறேன். மரச்சட்டத்தை மூலைவாட்டில் வெட்டுகிற இயந்திரத்துக்குக் கைப்பிடி வலது பக்கம். கத்தரிக்கோல் வலது கைக்கு. கண்ணாடி வெட்டும் மேசையில் அளவுகோல் பதித்திருப்பது வலது பக்கம். நான் இடக்கைக்காரி. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரிதான் என் பிழைப்பு.

பள்ளிக்கூடத்திலும் அடித்தார்கள், வீட்டிலும் அடித்தார்கள். அம்மா கையில் மர அளவுகோல் எப்போதும் தயாராக இருக்கும். இடது கையில் பென்சிலைத் தூக்கினால் விரல் முட்டியிலேயே விழும். நான் மாறவில்லை. எதிரே உட்கார்ந்து தங்கை வலது கையால் முத்து முத்தாக எழுதுவாள். "அவளைப் பாரு, எவ்வளவு லட்சணமா எழுதறா. உனக்கு மட்டும் ஏன்டி கோணப் புத்தி?" என்பாள் அம்மா. அந்த வாக்கியத்தை நான் கேட்காத நாள் இல்லை. அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், தங்கை வீட்டில் இருக்கிறாள். வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கோடரி எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். கோடரிக்கு வலதும் கிடையாது, இடதும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. முதல் கோடரியைக் கடையில் இடது கையால் தூக்கியபோது அது என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இனிமே உன்கிட்ட எதிர்த்துப் பேசமாட்டேன்மா" என்றார். அதன் பிறகு சுவர் நிறைந்தது. அவர் எதிர்த்துப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது செதுக்குக் கோடரி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. உருண்டை மரத்தைச் சதுர உத்தரமாகச் செதுக்குவதற்கான அகலக் கோடரி. அதில் ஒரு பக்கம் பலகைபோலத் தட்டை, மறுபக்கம்தான் சரிவு. தட்டைப் பக்கம் மரத்தை ஒட்டி இறங்க வேண்டும். முன்னால் நீட்டிப் பிடித்தால் இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் சரிவு. அதாவது, வலக்கைக்காரனுக்கு. போச்சுடா, இதிலுமா என்று மனசு விட்டுப்போயிற்று. அப்படி ஒன்று ஏற்கெனவே என் சுவரில் தொங்கியது. தெரியாமல் வாங்கிவிட்டேன், இடது கையில் பிடித்தால் மரத்தைக் கொத்திக்கொண்டு போகும்.

"இடது கைக்கும் அடிச்சிருக்காங்கம்மா. நூத்துல ஒண்ணு. நானே ஒரு தடவைதான் பாத்திருக்கேன்" என்றார் நான் வழக்கமாகப் போகிற பழைய சாமான் கடைக்காரர்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. எப்போதோ, எங்கேயோ ஒரு கொல்லன், என்னை மாதிரி ஒரு கைக்காக இரும்பைக் காய்ச்சி அடித்திருக்கிறான். மாறு என்று சொல்லாமல், அளவுகோலைத் தூக்காமல், 'சரி, உன் கைக்கே செஞ்சு தரேன்' என்று செய்திருக்கிறான். அந்த ஒன்று எனக்கு வேண்டும். சுவர் முழுக்க இருக்கிற மற்றதையெல்லாம் கொடுத்துவிடச் சொன்னாலும் கொடுத்திருப்பேன்.

கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் துரு அண்ணன். அவர் கடையில் துருப்பிடிக்காதது அவர் நாக்கு மட்டும்தான். கடையில் ஒரு சட்டம் உண்டு. அவர் ஏற்படுத்தியது அல்ல, வருகிறவர்களே சண்டை போட்டுப் போட்டு ஏற்படுத்தியது. ஒரு சாமான்மேல் யார் கை இருக்கிறதோ, அவர்தான் விலை பேசலாம். பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக்கூடாது. கையை எடுத்துவிட்டால் போச்சு, அடுத்தவன் வைக்கலாம். அதனால் அங்கே வருகிற பழம் தின்று கொட்டை போட்ட ஆட்கள் மூக்கு அரித்தால்கூட மறு கையால்தான் சொறிவார்கள்.

"இடக்கைக் கோடரி வந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் தங்கை ஒரு நாள், "நானும் சும்மா வரேன்கா" என்றாள். அவளுடைய 'சும்மா' எனக்குத் தெரியும். தட்ட முடியவில்லை, அழைத்துப் போனேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி போட்டதே தெரியாது என்று ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். அவர்களிடம் காட்டுகிற வாய் ஜாலத்தைக் கடையிலும் காட்டினாள். துரு அண்ணனின் முழங்கையைப் பார்த்து, "அண்ணே, உங்க நரம்பு சூப்பர், கண்ண மூடிட்டுக் குத்தலாம்" என்றாள். அந்த மனுஷன் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கு அத்தனை காலத்தில் ஒரு தேநீர்கூட வாங்கித் தராதவர் அவளுக்கு நாற்காலி துடைத்துப் போட்டார்.

முதல் நாளே அவளுக்கு அடித்தது அதிர்ஷ்டம். ஆணிப் பெட்டிக்கு அடியில் கையை விட்டாள், செய்தவன் முத்திரை பளிச்சென்று தெரிகிற ஒரு சின்னக் கோடரி வந்தது. நான் அந்தப் பெட்டியை எத்தனையோ தடவை கிளறியிருக்கிறேன்! மேசை விளிம்பில் அதை வைத்தவுடன் சறுக்கியது. கீழே விழுவதற்குள் சட்டென்று இடது கையால் தாங்கிப் பிடித்தாள். "கெட்டிக்காரி!" என்றார் துரு அண்ணன். விழுந்து காலில் பட்டிருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் மாதம் தவறாமல் வந்தாள். அதுவரை என்னை "வாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த துரு அண்ணன், அவளுக்குச் 'சின்னம்மா' என்று பெயர் வைத்தார். அப்படியானால் நான் என்ன? பெரியம்மாவாம்! ஒரே நாளில் எனக்குப் பத்து வயது கூட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் போயிருந்தபோது, புது மூட்டையிலிருந்து ஓர் அகலமான இரும்பு எட்டிப் பார்த்தது. பாய்ந்து கை வைத்தேன். செதுக்குக் கோடரி! காம்பு உளுத்து, தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. நகத்தால் துருவைச் சுரண்டினேன். ஒரு பறவை முத்திரை, நேராக நின்றுகொண்டிருந்தது. விளிம்பில் அரிசி மணி அளவுக்கு ஓர் ஓட்டை. முன்னால் நீட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் சரிவு.

"சீ, வலக்கை. என்கிட்ட இதே மாதிரி ஒண்ணு சும்மா தொங்குது" என்று கையை எடுத்தேன்.

அந்த நொடியே தங்கையின் கை அதன்மேல் விழுந்தது.

"நான் வேணாம்னு சொன்னா உனக்கு ஏன்டி இனிக்குது?" என்றேன்.

"எனக்கு வேணும்கா."

"வாங்கிக்கோ, வாங்கிக்கோ. ஊர்ல எல்லாக் கடையிலயும் இதுதான் கிடக்குது." எச்சிலைப் பொறுக்குகிறாள் என்று உள்ளூர ஒரே குஷி. திரும்பி வரும்போது வழியெல்லாம் நானே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குஷிக்கு ஆயுசு குறைவு. கொஞ்ச நாள் கழித்து, குடும்பத்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டாள். அவள் வீட்டுச் சுவரில் ஒரு செதுக்குக் கோடரி. துருவெல்லாம் போய்ப் பளபளவென்று, புதுக் காம்போடு. நாத்தனார், சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நானும் வயிற்றெரிச்சலோடு பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பு கீழே, வெட்டுவாய் இடப்புறம். அப்படித் தொங்கினால் வலக்கைக் கோடரியில் தட்டைப் பக்கம்தான் தெரிய வேண்டும். தெரிந்தது சரிவு.

இடக்கைக் கோடரி!

"ஏம்மா, கண்ணாடியில எடுத்த படமா இருக்கும். இடதுக்கு வலது மாறித் தெரியும்" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனுஷன், எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தார். ஆனால் பின்னால் தொங்கிய நாட்காட்டியில் எழுத்தெல்லாம் ஒழுங்காக, நேராக இருந்தது. நான் அதைக் காட்டியதும் அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அடுத்த நாள் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனேன். துரு அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "எத்தனை வருஷமா சொல்லி வச்சிருக்கேன்! எனக்கு வர வேண்டியதை அவளுக்குத் தூக்கிக் குடுத்திருக்கீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"பெரியம்மா, சத்தியமா இடக்கை எதுவும் வரல. சின்னம்மா வாங்கினது நீங்க கையெடுத்தீங்களே, அது ஒண்ணுதான்."

"யார்கிட்ட காது குத்தறீங்க? எனக்குக் கண்ணு இல்லையா?"

"இல்லம்மா..."

"பெரியம்மான்னு கூப்பிட்டா பல்லு உடையும்!"

கடையில் ஒரு விளக்கின்மேல் கை வைத்திருந்த ஒருவர் பயத்தில் கையை எடுத்துவிட்டார்.

அங்கிருந்து தங்கை வீட்டுக்கு. வழியில் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகத் தயார் செய்துகொண்டே போனேன். பென்சிலில் ஆரம்பிப்பதாகத் திட்டம்.

கூடத்தில் யாரும் இல்லை. கோடரி இருந்த ஆணி காலியாக இருந்தது. பின்பக்கத்தில் தொக் தொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால், நிழலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தரையில் இரண்டு கட்டைகளுக்கு மேல் ஒரு மரத்துண்டு. தங்கை கோடரியை அதன்மேல் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. திருடி மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரு திருப்தி.

நேரே போய்க் கோடரியைத் தூக்கினேன். சரிவு இடப்பக்கம். தட்டை வலப்பக்கம். என் கோடரி! கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. அப்போதுதான் முத்திரையைப் பார்த்தேன். பறவை. தலைகீழாகத் தொங்கியது. விளிம்பைத் தடவினேன். அரிசி மணி அளவுக்கு ஓர் ஓட்டை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "அடியே! இது அந்த வலக்கைதான்டி! அதே பறவை, அதே ஓட்டை! காம்பை எதிர்ப்பக்கமா சொருகி ஊரை ஏமாத்தியிருக்கே! இதுக்கா எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினாங்க? இரு, இப்பவே போடறேன் குரூப்ல, மானம் கப்பலேறட்டும்!"

"போடுக்கா. நான்தான் திருப்பினேன். யாரையும் ஏமாத்தல" என்றாள் தங்கை. "காம்பு நுழையற துளை ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இந்தப் பக்கமா காம்பு போட்டா வலது, அந்தப் பக்கமா போட்டா இடது. கை மரத்துல இடிக்காத மாதிரி வளைஞ்ச கிளை ஒண்ணு கிடைச்சுது, செதுக்கிப் போட்டேன்."

போனைத் தேடிப் பைக்குள் போன கை பைக்குள்ளேயே நின்றது. என் கூடத்துச் சுவரில் தொங்குகிற கோடரி கண்முன் வந்தது. தினமும் அதைக் கடந்துதான் சமையலறைக்குப் போகிறேன். தினமும் அதைத் திட்டுகிறேன். அதன் துளையும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். எண்ணெய் போடும்போது இரண்டு பக்கமும் தடவிப் பார்த்திருக்கிறேன். எனக்கென்று எவனோ அடித்து வைத்திருப்பான் என்று ஊரெல்லாம் தேடினேனே தவிர, காம்பைக் கழற்றி மாற்றிப் போடத் தோன்றவே இல்லை. முகத்தில் அசடு வழிய நின்றேன். ஆனாலும் விடவில்லை.

"சரி, நீ ஏன் திருப்பினே? உனக்கு வலது கைதானே? எனக்கு இல்லாதது உன்கிட்ட இருக்கணும், அதானே? என் வயிறு எரியணும், அதானே உனக்கு?"

என் கையிலிருந்து கோடரியை மெதுவாக வாங்கினாள். மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள், இடக்கைக்காரர்கள் நிற்க வேண்டிய பக்கம். இடது கை காம்பின் மேற்பக்கம், வலது கை கீழே. ஓங்கி இறக்கினாள். தட்டைப் பக்கம் மரத்தை உரசிக்கொண்டு இறங்கியது. அகலமாக ஒரு சிராய் சுருண்டு விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பழகிய கை அல்ல அது. பிறந்த கை. எனக்குத் தெரியாதா?

"நானும் இடதுதான்கா" என்றாள், நிமிராமலே. "நீ அடி வாங்கறதைத் தினம் பாத்தேன். பயந்து போய் மாத்திக்கிட்டேன். எழுதப் பழகறதுக்கு முன்னாடியே."

"பொய் சொல்லாதே."

"லேப்ல நரம்பே கிடைக்காத ஆள் வந்தா, கதவைச் சாத்திட்டு ஊசியை இடது கைக்கு மாத்திடுவேன். ஒரே குத்துல கிடைச்சிடும். அதைத்தான் எல்லாரும் கைராசிங்கறாங்க."

மேசையிலிருந்து சறுக்கிய சின்னக் கோடரி ஞாபகம் வந்தது. அது விழாமல் போனதே என்று கரித்துக்கொண்டிருந்தேனே தவிர, எந்தக் கை தாங்கியது என்று யோசிக்கவில்லை.

"நீ அடி வாங்கிட்டும் மாறலையே" என்றாள். இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "இடது கையால ஜம்முனு எழுதுவே, எல்லார் முன்னாடியும். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். உன் பென்சிலை எடுத்து, யாரும் பாக்காதப்போ இடது கையால எழுதிப் பாப்பேன். உன் தையல் கத்தரிக்கோல், உன் செடி, உன் கோடரி... பொறாமைதான்கா. வேற என்ன?"

வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அதுவும் இவள்! முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருப்பேன். அந்தப் பெருமை வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது. இடது கை ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. அதிலும் பங்குக்கு வந்துவிட்டாளே பாவி! அதுவும் ஒரு தழும்பு இல்லாமல். என் விரல் முட்டியைத் தடவிக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது; எது முதலில் என்று கேட்டால் எரிச்சல்தான்.

சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். "ஏய், எந்தக் கையிலடி பிடிச்சிருக்கே?"

"இடது கையிலம்மா" என்றாள் தங்கை, சத்தமாக. இத்தனை வயதில் முதல் தடவையாக.

அம்மா அவளையும் கோடரியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உன்னைப் பாத்துத்தான்டி கெட்டா" என்றாள்.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆனால் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், அது முழுக்கச் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும், என் வாயும் கோணிக்கொண்டது.

"இந்தா, அடிச்சுப் பாரு" என்று கோடரியை நீட்டினாள்.

வாங்கினேன். மரத்தின் அந்தப் பக்கம் போனேன். எங்கள் இருவருக்குமே அது ஒரே பக்கம்தான் என்பதால் அவள் நகர்ந்து இடம் விட வேண்டியிருந்தது. காம்பு வளைந்த விதத்துக்கு இடது கை தானாகப் போய் உட்கார்ந்தது. எங்கேயும் இடிக்கவில்லை, எதையும் மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஓங்கி இறக்கினேன். சிராய் உரிந்து என் காலடியில் விழுந்தது. அதற்குக் கீழே மரம் வெள்ளையாக, ஒரே மட்டமாக இருந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி. என் கோடரியின் காம்பையும் இன்றைக்கே தட்டி எடுக்க வேண்டும், அதற்கு இவளைத்தான் வளைந்த கிளை தேடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, வேர்க்க விறுவிறுக்க அந்தப் பக்கம் முழுவதையும் செதுக்கி முடித்தேன்.

"அக்கா, போதும், குடு. என் முறை" என்று தங்கை கையை நீட்டினாள். இடது கையை.

"கை வச்சிருக்கேன்ல? தள்ளி நில்லுடி" என்றேன்.